முதியோர் நலமும் செய்தி அறிவும்

நாடு விடுதலை பெற்ற காலத்தில் இந்தியர் ஒருவரின் சராசரி ஆயுட்காலம் ஏறத்தாழ 32 ஆண்டுகளாக இருந்தது. 2016-20 ஆண்டுகளுக்கான மாதிரிப் பதிவுக் கணக்கின்படி அது 70 ஆண்டுகளாக உயர்ந்துள்ளது. பெரியம்மை ஒழிப்பு, மலேரியாக் கட்டுப்பாடு, தடுப்பூசி, உணவு உற்பத்திப் பெருக்கம் ஆகியவற்றின் பயனாகக் குழந்தை இறப்பு குறைந்ததே இவ்வுயர்வுக்கு முதற்காரணம். அதோடு, 60 வயதை எட்டிய ஒருவர் மேலும் சுமார் 18 ஆண்டுகள் வாழக்கூடும் என்ற நிலையும் இன்று ஏற்பட்டிருக்கிறது. ஒரு மாணவன் பள்ளியிலும் கல்லூரியிலும் செலவிடும் காலத்தைவிட இது நீண்டதாகும். கல்விக் காலத்துக்கு நாடு திட்டமிடுகிறது. தொழில் புரியும் காலத்துக்கும் திட்டமிடுகிறது. முதுமைக் காலத்துக்கும் அவ்வாறே திட்டமிட வேண்டிய தேவை எழுந்துள்ளது.

1961ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கில் 60 வயதும் அதற்கு மேலும் உடையோர் சுமார் 2.5 கோடியினர். 2011இல் அவர்கள் எண்ணிக்கை ஏறத்தாழ 10.4 கோடி, அதாவது மொத்த மக்கள்தொகையில் 8.6 விழுக்காடு. இவர்களுள் 71 விழுக்காட்டினர் கிராமங்களில் வாழ்பவர்கள். ஆண்களைவிடப் பெண்களே மிகுதி. இந்த நூற்றாண்டின் நடுப்பகுதியில் இந்தியர் ஐவரில் ஒருவர் முதியவராக இருப்பார் என மக்கள்தொகை வல்லுநர்கள் மதிப்பிடுகின்றனர்.

இவர்களுக்கென வகுக்கப்பட்ட திட்டங்கள் குறைவானவை அல்ல. 1982இல் வியன்னாவில் கூடிய உலக முதுமைப் பேரவைக்குப் பின்னர் இப்பொருள் நாடுகளின் கொள்கைகளில் இடம்பெறலாயிற்று. இந்தியாவில் 1995இல் தேசிய முதியோர் ஓய்வூதியத் திட்டமும், 1999இல் தேசிய முதியோர் கொள்கையும், 2007இல் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டமும், 2010-11இல் தேசிய முதியோர் நலவாழ்வுத் திட்டமும் வந்தன. ஆயினும் ஒரு திட்டம் ஏட்டில் இருப்பதால் மட்டும் அது முதியவரைச் சென்றடைந்துவிடாது. அப்படி ஒன்று இருப்பதை அவர் அறிய வேண்டும். யாரிடம், எந்த ஆவணத்துடன் செல்ல வேண்டும் என்பதும் தெரிய வேண்டும். முதுமையில் செய்தியறிவு என்பது பொழுதுபோக்கு அன்று. உணவு, மருந்து ஆகியவற்றோடு சேர்த்து எண்ணத்தக்க அடிப்படைத் தேவையாகும்.

அறியாமையின் அளவு

2017-18ஆம் ஆண்டுகளில் நடுவண் அரசின் ஆதரவுடன் நாடெங்கும் ‘லாசி’ எனப்படும் முதுமை பற்றிய நெடுங்கால ஆய்வின் முதற்சுற்று நடைபெற்றது. 45 வயதுக்கு மேற்பட்ட 72,000க்கும் அதிகமானோர் இதில் பங்குகொண்டனர். இதன் முடிவுகள் 2021 சனவரியில் வெளியாயின. 60 வயதைக் கடந்தோரில் முதியோர் ஓய்வூதியத் திட்டத்தைப் பற்றி அறிந்திருந்தவர்கள் 55 விழுக்காட்டினரே. முதியோருக்கு அரசு அளிக்கும் சலுகைகள் எவற்றையேனும் அறிந்திருந்தவர்கள் 28 விழுக்காட்டினர். 2007ஆம் ஆண்டுச் சட்டத்தை அறிந்திருந்தவர்களோ 12 விழுக்காட்டினர் மட்டுமே. சட்டம் நடைமுறைக்கு வந்து பத்தாண்டுகள் கழிந்த பின்னரும் எட்டு முதியவர்களில் ஒருவருக்கே அது தெரிந்திருந்தது எனலாம்.

இதற்கான காரணங்களுள் எழுத்தறிவின்மை முதன்மையானது. 2011இல் முதியோரில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் 44 விழுக்காட்டினர். ஆண்களில் 59 விழுக்காடு, பெண்களில் 28 விழுக்காடு. இந்நிலைக்கு ஒரு வரலாறு உண்டு. 1978 அக்டோபர் 2ஆம் நாள் தொடங்கப்பட்ட தேசிய வயதுவந்தோர் கல்வித் திட்டமும், 1988இல் அமைந்த தேசிய எழுத்தறிவு இயக்கமும் 15 முதல் 35 வயது வரை உள்ளோரையே தமது இலக்காகக் கொண்டன. உழைக்கும் வயதினருக்கு முன்னுரிமை என்பது அன்று நியாயமாகவே தோன்றியது. ஆனால் 2011இல் 60 வயதை எட்டியிருந்தவர்கள் 1988இல் 37 வயதோ அதற்கு மேலோ ஆனவர்கள். இயக்கம் தொடங்கியபோதே அதன் எல்லையைக் கடந்து நின்ற தலைமுறை அது. பின்னர் அவர்களுக்கெனத் தீட்டப்பட்ட திட்டங்கள் விண்ணப்பப் படிவமாகவும், அறிவிப்புப் பலகையாகவும், கைப்பேசிச் செயலியாகவும் அவர்கள் முன் வந்து நின்றன.

அடுத்த காரணம் குடும்பத்திற்குள் இருக்கிறது. பல வீடுகளில் வெளியுலகச் செய்தி இளையோர் வழியாகவே முதியவரை வந்தடைகிறது. கைப்பேசி மகனிடமோ பேரனிடமோ இருக்கும். வங்கிக் கணக்குப் புத்தகமும் அவர்களிடமே இருக்கும். அன்புள்ள குடும்பத்தில் இதனால் தீங்கில்லை. அவ்வாறல்லாத குடும்பத்தில், எவரிடமிருந்து பாதுகாப்புத் தேவையோ அவரே செய்தியின் வாயிற்காவலராக இருக்கிறார். கணவனை இழந்த பெண்களின் நிலை இதில் மிகவும் கவலைக்குரியது.

கண்ணும் செவியும்

செய்தி நுழையும் வாயில்கள் கண்ணும் செவியுமே. முதுமையில் முதலில் தளர்வனவும் இவையே. 2015-19ஆம் ஆண்டுகளில் நடந்த தேசியப் பார்வையிழப்பு ஆய்வின்படி, 50 வயதைக் கடந்தோரிடம் காணப்படும் பார்வையிழப்பில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு கண்புரையால் ஏற்படுவது. கண்புரையைச் சிறிய அறுவை மருத்துவத்தால் நீக்க இயலும். 1976இல் தொடங்கிய தேசியப் பார்வையிழப்புத் தடுப்புத் திட்டத்தின் கீழ் அரசு மருத்துவமனைகளிலும் முகாம்களிலும் இது கட்டணமின்றிச் செய்யப்படுகிறது. இருந்தும் “வயதாகிவிட்டது, இனிப் பார்த்து என்ன ஆகப்போகிறது” என்று பலர் இருந்துவிடுகின்றனர்.

செவிப்புலன் குறைவு இன்னும் எளிதாகக் கவனத்திலிருந்து தப்பிவிடுகிறது. காது கேளாத முதியவர் பேச்சைத் தவிர்க்கிறார். மருத்துவர் சொல்வதைத் தவறாக விளங்கிக்கொண்டு தலையசைக்கிறார். மெல்ல மெல்லத் தனிமைப்படுகிறார். மறதி நோய் குறித்து ஆராய்ந்த லான்செட் ஆணையம், தடுக்கக்கூடிய காரணங்களுள் ஒன்றாகச் செவிப்புலன் குறைவைப் பட்டியலிட்டுள்ளது. 2024ஆம் ஆண்டின் அறிக்கையில் கவனிக்கப்படாத பார்வைக் குறைவையும் அது சேர்த்துக்கொண்டது. இதனால் மூக்குக் கண்ணாடியும் செவித்துணைக் கருவியும் முதியவரின் மூளை நலத்துக்கும் துணை செய்பவை என்பது தெளிவாகும்.

2017 ஏப்ரல் முதல் நாள் ஆந்திரப் பிரதேசத்தின் நெல்லூர் மாவட்டத்தில் தொடங்கிவைக்கப்பட்ட ராஷ்டிரிய வயோஸ்ரீ திட்டம் இவ்வகையில் குறிப்பிடத்தக்கது. வருவாய் குறைந்த முதியோருக்கு மூக்குக் கண்ணாடி, செவித்துணைக் கருவி, பல்செட், கைத்தடி, சக்கர நாற்காலி முதலியவை மதிப்பீட்டு முகாம்கள் வழியாக விலையின்றி வழங்கப்படுகின்றன. முகாம் நடைபெறும் நாளும் இடமும் முன்கூட்டியே சிற்றூர்களுக்குத் தெரியாவிட்டால், நகருக்கு அருகில் உள்ளவர்களே பயன்பெறுவர்.

உடல்நலம் பற்றி அறிய வேண்டியவை

முதியோர் மருத்துவத்தில் அறியாமை இருவகைப்படும். நோயை முதுமை என்று கருதிப் பொறுத்துக்கொள்வது ஒருவகை. முதுமையின் இயல்பான மாற்றத்தை நோயென அஞ்சித் தேவையற்ற மருந்துகளை உண்பது மற்றொருவகை. தோல் சுருங்குவதும், நரை தோன்றுவதும், உறக்கம் சற்றுக் குறைவதும் இயல்பு. மூச்சுத் திணறல், சிறுநீர் அடக்க இயலாமை, திடீரெனத் தோன்றும் மனக்குழப்பம், காரணமின்றி எடை குறைதல், நெடுநாள் நீடிக்கும் சோர்வு ஆகியன இயல்பல்ல. அவற்றுக்கு மருத்துவ ஆய்வு தேவை.

முதியவரிடம் நோய் தன் வழக்கமான அடையாளங்களைக் காட்டாமலும் வரும். நுரையீரல் அழற்சி காய்ச்சலின்றி, மனக்குழப்பமாக மட்டும் வெளிப்படலாம். மாரடைப்பு நெஞ்சுவலியின்றி, மூச்சுத் திணறலாகவோ மிகுந்த களைப்பாகவோ தோன்றலாம். நீரிழிவு நோயாளிகளிடம் இது கூடுதலாகக் காணப்படும். நேற்று வரை தெளிவாகப் பேசியவர் இன்று பொருந்தாமல் பேசினால், அதை மூப்பின் தடுமாற்றம் என்று தள்ளிவிடாமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும் என்பதைக் குடும்பத்தார் அறிந்திருத்தல் அவசியம்.

லாசி ஆய்வில் 60 வயதைக் கடந்தோரில் ஏறத்தாழ மூவரில் ஒருவர் தமக்கு உயர் இரத்த அழுத்தம் இருப்பதாகக் கண்டறியப்பட்டதைத் தெரிவித்தனர். நீரிழிவு உள்ளதாகத் தெரிவித்தவர்கள் 14 விழுக்காட்டினர். இரண்டும் தொடக்கத்தில் துன்பம் தராதவை. ஆகவே உடல் நலமாக இருப்பதாகத் தோன்றும்போதும் இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் அளந்து பார்ப்பதும், தலைச்சுற்றல் நின்றுவிட்டது என்பதற்காக மாத்திரையைத் தாமாகவே நிறுத்தாதிருப்பதும் இன்றியமையாதன.

மூட்டுவலிக்குக் கடையில் தாமே வாங்கி உண்ணும் வலிநீக்கி மாத்திரைகள் தனி எச்சரிக்கைக்கு உரியவை. இவற்றுள் பல, நாள்தோறும் உண்ணப்பட்டால் சிறுநீரகத்தைப் பழுதாக்கும். இரைப்பையில் குருதிக் கசிவை உண்டாக்கும். இரத்த அழுத்தத்தை உயர்த்தும். வெவ்வேறு மருத்துவர்கள் தந்த மருந்துகள் ஒன்றோடொன்று முரண்படுவதும் உண்டு. உண்ணும் மருந்துகள் அனைத்தையும் ஒரு பையிலிட்டு ஒவ்வொரு முறையும் மருத்துவரிடம் காட்டுவது செலவில்லாத சிறந்த பாதுகாப்பு. விலை காரணமாக மருந்தைக் குறைத்துக்கொள்வோர், மக்கள் மருந்தகங்களில் அதே மருந்து வணிகப் பெயரின்றிக் குறைந்த விலையில் கிடைப்பதை அறிந்திருக்க வேண்டும்.

அன்றாட வாழ்வு குறித்தும் சில உண்மைகள் பரவலாகத் தெரிய வேண்டும். உலக நலவாழ்வு நிறுவனம் 65 வயதைக் கடந்தோருக்கும் வாரத்துக்கு 150 நிமிடங்களேனும் மிதமான உடலுழைப்பையும், வாரத்தில் மூன்று நாட்களேனும் உடல் சமநிலைக்கும் வலிமைக்குமான பயிற்சியையும் பரிந்துரைக்கிறது. உப்பு நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவாக இருத்தல் நலம். ஊறுகாய், அப்பளம், கருவாடு ஆகியவற்றில் உள்ளதும் இக்கணக்கில் சேரும். பருப்பு, பால், முட்டை, மீன் போன்ற புரத உணவு முதுமையில் குறைந்துவிடக் கூடாது. குறைந்தால் தசை மெலிந்து தளர்ச்சி மிகும். வயது கூடக்கூடத் தாக உணர்வு மங்கும். எனவே கோடைக் காலத்தில், மருத்துவர் நீரளவைக் கட்டுப்படுத்தியிருந்தாலன்றி, தாகம் தோன்றும் வரை காத்திராமல் நீர் அருந்த வேண்டும்.

கீழே விழுதல் முதியவரின் வாழ்வையே மாற்றிவிடும். இடுப்பெலும்பு முறிந்து படுக்கையில் கிடந்தால் நுரையீரல் தொற்றும் படுக்கைப் புண்ணும் தொடரும். ஈரமான குளியலறைத் தரை, ஒளியற்ற படிக்கட்டு, தளர்ந்த செருப்பு, படுக்கையிலிருந்து திடீரென எழுதல், தூக்க மாத்திரை ஆகியனவே பெரும்பாலும் காரணங்கள். குளியலறைச் சுவரில் ஒரு கைப்பிடியும், இரவில் ஒரு சிறு விளக்கும் பெருஞ்செலவு பிடிப்பவை அல்ல.

உரிமைகள் பற்றி அறிய வேண்டியவை

வறுமைக் கோட்டிற்குக் கீழுள்ள முதியோருக்கான ஓய்வூதியத்தின் தகுதி வயது 2011இல் 65இலிருந்து 60 ஆகக் குறைக்கப்பட்டது. நடுவண் அரசின் பங்கு 79 வயது வரை மாதம் 200 ரூபாய். 80 வயது முதல் 500 ரூபாய். இதனுடன் மாநில அரசுகள் தத்தம் பங்கைச் சேர்ப்பதால் முழுத்தொகை மாநிலத்துக்கு மாநிலம் மாறுபடும். 80 வயதைக் கடந்தவரின் பங்கு உயர்கிறது என்பதையும், வயதுச் சான்று சரியாக இருத்தல் வேண்டும் என்பதையும் பயனாளிக்கு எடுத்துரைப்பது அலுவலரின் கடமை.

2018இல் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் மருத்துவக் காப்பீட்டுத் திட்டம், 2024 அக்டோபர் 29 முதல் 70 வயதும் அதற்கு மேலும் உடைய அனைவருக்கும், வருவாய் வரம்பின்றி விரிவாக்கப்பட்டது. திட்டத்தில் பங்கேற்கும் மாநிலங்களில் ஆண்டுக்கு 5 இலட்சம் ரூபாய் வரை மருத்துவமனையில் தங்கிப் பெறும் சிகிச்சைக்கு இது உதவும். வெளிநோயாளி மருந்துச் செலவு இதில் அடங்காது. அட்டையை நோய் வருமுன்னரே பெற்று வைத்துக்கொள்வது நன்று.

தேசிய முதியோர் நலவாழ்வுத் திட்டம் முதலில் 100 மாவட்டங்களில் தொடங்கியது. மாவட்ட மருத்துவமனையில் முதியோருக்கெனப் பத்துப் படுக்கைகள் கொண்ட பிரிவு, ஆரம்ப சுகாதார நிலையத்தில் வாரந்தோறும் முதியோர் மருத்துவ நாள் ஆகியவை அதன் கூறுகள். இத்துறையில் தமிழகத்துக்கு முன்னோடிப் பங்குண்டு. சென்னை அரசு பொது மருத்துவமனையில் 1978இலேயே டாக்டர் வி. எஸ். நடராஜன் முதியோருக்கென ஒரு பிரிவைத் தொடங்கினார்.

2007ஆம் ஆண்டுச் சட்டம் தனியாக விளக்கத்தக்கது. தம்மைத் தாமே பேணிக்கொள்ள இயலாத பெற்றோர் பிள்ளைகளிடமிருந்தும், பிள்ளையற்ற முதியோர் தமது சொத்தை அடையவிருக்கும் உறவினரிடமிருந்தும் பராமரிப்புத் தொகை கோரலாம். வருவாய்க் கோட்ட அளவில் அமைந்த தீர்ப்பாயத்தில் மனுக் கொடுத்தால் போதும். எழுத இயலாதவர் சார்பில் அவர் அனுமதித்த மற்றொருவரோ ஒரு தொண்டு அமைப்போ மனுச் செய்யலாம். அறிவிப்பு சார்வு செய்யப்பட்ட நாளிலிருந்து 90 நாட்களுக்குள் முடிவு காண வேண்டும். தனிக் காரணங்கள் இருப்பின் 30 நாட்கள் நீட்டிக்கலாம். மாதம் 10,000 ரூபாய்க்கு மேற்படாத தொகையை மாநிலம் வரையறுக்கலாம்.

இச்சட்டத்தின் 23ஆம் பிரிவைச் சொத்துள்ள ஒவ்வொரு முதியவரும் அறிந்திருக்க வேண்டும். தம்மைப் பேணவேண்டும் என்ற நிபந்தனையுடன் சொத்தைத் தானமாக எழுதிக் கொடுத்து, பெற்றவர் அவ்வாறு பேணத் தவறினால், அம்மாற்றத்தைச் செல்லாது என அறிவிக்குமாறு தீர்ப்பாயத்தை நாடலாம். நிபந்தனை என்பதே இங்குத் திறவுகோல். பத்திரத்தில் அதைத் தெளிவாக எழுதாமல் நம்பிக்கையின் பேரில் மட்டும் கையொப்பமிடுவோர் பின்னர் இப்பாதுகாப்பை இழக்க நேரிடுகிறது. பதிவு அலுவலகத்தில் ஒரு நிமிட விளக்கம் கிடைத்தால், ஒரு முதியவரின் கூரை காப்பாற்றப்படும்.

பொய்ச் செய்தியின் தீங்கு

செய்தி பெருகியிருக்கும் இக்காலத்தில் பொய்யும் அதே வழியில் வருகிறது. நீரிழிவு, கண்புரை, செவிட்டுத்தன்மை, பக்கவாதம் முதலியவற்றை முற்றாகக் குணமாக்குவதாக மருந்தை விளம்பரம் செய்வது 1954ஆம் ஆண்டின் ஆட்சேபகரமான விளம்பரங்கள் தடைச் சட்டப்படி குற்றமாகும். அன்று சுவரொட்டியில் வந்த அதே வாக்குறுதி இன்று கைப்பேசியில் வருகிறது. அதை நம்பி இன்சுலினை நிறுத்துவோர் உயிருக்கே ஆபத்தைத் தேடிக்கொள்கின்றனர்.

பண மோசடியும் முதியோரைக் குறிவைக்கிறது. காவல்துறை அதிகாரி என்று தொலைபேசியில் கூறி, கைது செய்திருப்பதாக அச்சுறுத்திப் பணம் பறிக்கும் முறை அண்மை ஆண்டுகளில் பரவியுள்ளது. தொலைபேசி வழியாக ஒருவரைக் கைது செய்ய இந்தியச் சட்டத்தில் இடமில்லை. வங்கியின் கடவு எண்ணை எந்த அலுவலரும் கேட்பதில்லை. பணம் இழந்தவர் தாமதமின்றி 1930 என்ற எண்ணுக்கு அறிவித்தால், தொகையை வழியிலேயே நிறுத்தி வைக்க வாய்ப்புண்டு.

கேரளத்தின் அனுபவம்

2011இல் மாநிலங்களுள் முதியோர் விழுக்காடு மிகுந்திருந்தது கேரளத்தில்; அங்கு அது 12.6 ஆகும். செய்தியும் சேவையும் முதியவரின் வாயிலுக்கே செல்ல இயலும் என்பதற்கு அம்மாநிலம் சான்று. 1993இல் கோழிக்கோட்டில் தொடங்கிய வலி தணிப்பு மருத்துவ முயற்சி, பின்னர் மலப்புரம் மாவட்டத்தில் ஊர்த் தொண்டர்களின் இயக்கமாக வளர்ந்தது. 2008இல் மாநில அரசு இதற்கெனக் கொள்கை வகுத்தது. உள்ளாட்சிகள் வீடுதேடிச் செல்லும் செவிலியர் சேவையை மேற்கொண்டன. படுக்கையில் உள்ளவரைக் காணச் செல்லும் குழுவில் அவ்வூர்த் தொண்டரும் இருப்பதால், மருந்தோடு குடும்பத்தின் பிற இடர்களும் கவனிக்கப்படுகின்றன. ஓய்வூதியத்தைக் கூட்டுறவுச் சங்கங்கள் வழியாக வீட்டிலேயே வழங்கும் முறையும் அங்கு நடைமுறைக்கு வந்தது.

கற்பதற்கு வயது தடையன்று என்பதையும் கேரளம் காட்டியது. ஆலப்புழை மாவட்டத்தைச் சேர்ந்த கார்த்தியாயினி அம்மா 2018இல் தமது 96ஆம் வயதில் எழுத்தறிவுத் தேர்வெழுதி 100க்கு 98 மதிப்பெண் பெற்றார். பின்னர் நாரி சக்தி விருதும் பெற்றார். 2022இல் தொடங்கிய புதிய பாரத எழுத்தறிவுத் திட்டம் 15 வயதுக்கு மேற்பட்ட அனைவருக்கும் உரியது; 35 வயது என்ற பழைய எல்லை அதில் இல்லை.

செய்ய வேண்டியவை

2007ஆம் ஆண்டுச் சட்டத்தின் 21ஆம் பிரிவு, சட்டத்தின் கூறுகளை வானொலி, தொலைக்காட்சி, அச்சு ஆகியவற்றின் வழியாகக் குறிப்பிட்ட கால இடைவெளிகளில் விளம்பரப்படுத்துவதை மாநில அரசின் பொறுப்பாக்கியுள்ளது. ஆகவே முதியோருக்குச் செய்தி சேர்ப்பது அலுவலரின் பரிவைப் பொறுத்த செயலன்று. சட்டம் விதித்த கடமையாகும். அறிவிப்புகள் பெரிய எழுத்தில், அவ்வட்டார மொழியில் அமைய வேண்டும். எழுத்தைவிடப் பேச்சே பலரைச் சென்றடையும் என்பதால் கிராம சபை, நியாயவிலைக் கடை, ஓய்வூதியம் வழங்கும் இடம், வழிபாட்டிடம் ஆகியவற்றில் நேரில் விளக்கப்பட வேண்டும். வீடுதோறும் செல்லும் ஆஷா பணியாளர், முதியவரைத் தனியே சந்தித்து இரண்டு நிமிடம் பேசுவது பல குறைகளை வெளிக்கொணரும்.

2021 அக்டோபர் முதல் நாள் நாடெங்கும் நடைமுறைக்கு வந்த 14567 என்ற கட்டணமில்லா முதியோர் உதவி எண், எழுத்தறிவு இல்லாதவரும் பயன்படுத்தக்கூடியது. அந்த ஐந்து இலக்கங்களை வீட்டுச் சுவரில் பெரிதாக எழுதிவைப்பது மாணவர்கள் எவரும் செய்யக்கூடிய தொண்டு. நாட்டு நலப்பணித் திட்டத்தில் உள்ள மாணவர் ஒருவர் தம் தெருவிலுள்ள ஐந்து முதியோருக்கு ஓய்வூதியம், காப்பீடு, கண் ஆய்வு, பராமரிப்புச் சட்டம் ஆகிய நான்கையும் விளக்கினால், அது அவர்களுக்கும் பயன்; நாளை அலுவலராகப் போகும் அம்மாணவருக்கும் பயிற்சி.

மனிதனின் ஆயுளை நீட்டுவதில் இந்தியா வெற்றி கண்டுள்ளது. அவ்வாறு கிடைத்த ஆண்டுகளில் முதியவர் தம் உடலையும் உரிமையையும் தாமே அறிந்து, தம் முடிவுகளைத் தாமே எடுக்கும் நிலையை உருவாக்குவது அடுத்த பணி. அதற்குத் தேவையான சட்டமும் திட்டமும் பெரும்பாலும் உள்ளன. அவற்றை முதியவரின் செவி வரை கொண்டு சேர்ப்பதே எஞ்சியிருக்கிறது.